சாட்சி

2018 மே மாதத்திலிருந்து நான் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவனாக ஆகிவிட்டேன். பிறர் கையை அல்ல, என் கையை. வலது கையின் மூன்று விரல்கள் இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே போய்த் தாமாகவே உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸுக்கு நிற்கும்போது, சாவு வீட்டில் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும்போது, நண்பர் தன் புதுக் கவிதையைப் படித்துக் காட்டும்போது. "என்ன வே, கையப் பிடிச்சுக்கிட்டே கேக்கீரு? கவிதைக்கு நாடி பாக்கீரா?" என்று அவர் ஒருநாள் கேட்டார். சிரித்துக்கொண்டே கையை எடுத்துத் தொடைமேல் வைத்தேன். அடுத்த பக்கத்தை அவர் புரட்டுவதற்குள் விரல்கள் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தன.

முதல் தடவை வந்தது இரவு இரண்டு மணிக்குமேல். சாக்கில் போட்டுக் கட்டிய கோழி உள்ளே புரள்வது போல மார்பில் ஏதோ புரண்டது. வலி கிடையாது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கோழி அடங்கிவிட்டது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு வாயு என்றார்கள். ஊசி ஒன்று போட்டு அனுப்பினார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத நோயைக் கற்பனை செய்துகொள்ளும் ஆசாமி என்று என்னைப் பற்றி நானே முடிவு செய்து, அதில் ஒரு மாதிரி ஆறுதலும் அடைந்தேன். மூன்றாம் தடவை, இயந்திரத்தில் மாட்டும்வரை அது நிற்கவில்லை. என் மகள் வயதிருக்கும் டாக்டர் காகிதத்தை நீட்டிக் காட்டினார். ஒவ்வொரு உயர்ந்த முனைக்கு முன்னாலும் சின்ன மேடு ஒன்று இருக்கவேண்டும். அது இல்லை. அந்த இடத்தில் கோடு வெறுமனே நடுங்கிக்கொண்டிருந்தது. முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் ஒன்றுக்கொன்று ஒற்றுமை இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டு, நிமிஷத்துக்கு 350 முதல் 600 தடவைவரை வெறுமனே துடிதுடிக்கின்றன. நடுவில் இருக்கும் ஒரு கணு அத்தனையையும் கீழே விடாமல் சிலவற்றை மட்டும் அனுமதிக்கிறது. எதை விடும், எதைத் தடுக்கும் என்பதில் கிரமம் இல்லாததால் நாடியிலும் கிரமம் இல்லை. இதனாலேயே உடனே உயிர் போய்விடும் என்றில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சரியாகச் சுருங்காத மேலறையின் மூலையில் ரத்தம் தேங்கி உறையலாம். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வரும் சாத்தியம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லி இரண்டு மாத்திரைகள் எழுதினார். ஒன்று வேகத்தைக் கட்டுப்படுத்த, மற்றது ரத்தம் உறையாமலிருக்க.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் 1976இல் தந்தி இலாகாவில் சேர்ந்தவன். மோர்ஸ் படித்தவன். எங்கள் கருவியில் ஓசை 'பீப்' என்று நீண்டு வராது. டக் என்று ஒரு தட்டு, மறுபடி டக். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே உள்ள மௌனம் குட்டையா நீளமா என்பதுதான் எழுத்து. இத்தனை வருஷம் நான் சம்பளம் வாங்கியது இடைவெளிகளைக் கேட்டதற்காக. இலாகாவில் மோர்ஸ் போய், 2013 ஜூலையில் தந்தியே போய், 2015இல் நானும் ஓய்வுபெற்று வந்துவிட்டேன். காது மட்டும் ஓய்வு பெறவில்லை. இடதுபுறம் ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள்ளிருந்து தட்டு கேட்கும். ஒழுங்கு தவறிய இரவுகளில் அதை வாசிக்கப் பார்ப்பேன். ஒற்றைப் புள்ளி, ஒற்றைக் கோடு, திரும்பவும் புள்ளி. சொல் ஒன்றும் கூடி வராது. கூடி வராததே பெரிய பயமாக இருந்தது. யாரோ அவசரமாக எதையோ அனுப்புகிறார்கள், எனக்குப் பிடிபடவில்லை என்று தோன்றும்.

பிறகு படித்தபோது தெரிந்தது, தந்திக்கும் இ.சி.ஜி.க்கும் உறவுமுறையே உண்டு என்று. கடலடிக் கம்பியில் வரும் பலவீனமான தந்திச் சமிக்ஞைகளைப் பிடிப்பதற்காக ஃபிரான்ஸில் க்ளெமான் ஆடேர் 1897இல் ஒரு கருவி செய்தார். காந்தப் புலத்தில் மெல்லிய கம்பி ஒன்று அசையும். அதே தத்துவத்தில் இன்னும் நுட்பமாக, ஹாலந்தின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் செய்த கருவிதான் இதயத்தின் மின்சாரத்தைச் சுத்தமாக எழுதிக் காட்டியது. 1905இல் ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளின் துடிப்பைச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வுக்கூடத்துக்கு டெலிபோன் கம்பி வழியே வரவழைத்துப் பதிவு செய்தார். 1924இல் நோபல் பரிசு. இதைப் படித்தபோது எனக்கு அசட்டுத்தனமான ஒரு பெருமை வந்தது. என் இலாகாவின் வேலைதான், கம்பியின் மறுமுனையில் நான் இருக்கிறேன் என்று.

அந்தக் காலத்திலேயே ஒரு வியாபாரி இருந்தார். 1912இல் வென்கெபாக் என்ற பெரிய இதய மருத்துவரிடம் அந்த டச்சு வியாபாரி போய், தன் நாடி ஒழுங்கில்லாமல் ஓடுகிறது என்றார். மருத்துவர் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வியாபாரி, தன் காரியங்களிலெல்லாம் ஒழுங்கை எதிர்பார்ப்பவன் தான், இதயத்திலும் அது வேண்டும் என்று சொல்லி, நாளைக் காலை ஒழுங்கான நாடியோடு வருகிறேன் என்று போனார். வந்தும் காட்டினார். மலேரியாவுக்குச் சாப்பிடும் குவினைன்தான் அவர் ரகசியம். அதன் வழியாகப் பிற்பாடு ஒரு மருந்தே வந்தது. இந்த வியாபாரிமேல் எனக்குப் பொறாமை. மருந்துக்காக அல்ல, ஒழுங்கைப் பேரேட்டுக் கணக்கு மாதிரி கேட்டு வாங்கிப்போன அந்தத் தைரியத்துக்காக. யாப்பை உதறியவர்கள் நாம். தளை தட்டுகிறது என்று குறைசொன்ன புலவர்களைக் கேலி செய்து இதே மாதிரிப் பத்திரிகைகளில் எழுதியவன் நான். அப்படிப்பட்டவன் என் மார்புக்குள் மட்டும் வெண்பா வேண்டும் என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பயம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடமாட்டேன். குற்றாலம் போவதை நிறுத்தினேன். வழியில் ஆஸ்பத்திரி இல்லாத ரஸ்தா எது என்று கணக்கு வைத்திருந்தேன். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. என் மனைவி கடைக்குப் போனால் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வேன், விழுந்தால் தெருவில் யாராவது பார்ப்பார்கள் என்று. கோயம்புத்தூரில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். புறப்பட வேண்டிய அன்று காலையில் எனக்குப் படபடத்தது. "என்ன, திரும்பவும் வந்துட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். பத்து நாள் கழித்துத்தான் போனாள். அதற்குள் குழந்தை பிறந்து எட்டு நாளாகியிருந்தது. அவள் இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்றைக்கு வந்தது எது, நோயா பயமா? இரண்டும் பேசுவது ஒரே பாஷை. பயந்தால் அட்ரினலின் சுரந்து துடிப்பு வேகமாகிறது. வேகமானதை உணர்ந்ததும், இதோ வந்துவிட்டது என்று மேலும் பயம். அதனால் மேலும் வேகம். சுற்றி வரும் இந்த வட்டத்துக்குள் நிற்கிறவனுக்கு முதல் தட்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அப்போதுதான் டாக்டர் ஹோல்டர் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1940களின் இறுதியில் இதைச் சோதித்தபோது முதுகில் சுமார் 38 கிலோ எடையுள்ள கருவியைச் சுமந்தார். எனக்குத் தந்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான பெட்டி. மார்பில் ஒட்டிக்கொண்டு 24 மணிநேரம் வழக்கம்போல நடமாடவேண்டும். கூடவே ஒரு தாள். துடிப்பு தவறுவதாக எப்போதெல்லாம் தோன்றுகிறதோ அப்போதெல்லாம் மணியைக் குறிக்கவேண்டும். இது என் வேலை. சிரத்தையாகச் செய்தேன். 11 இடங்களில் குறித்தேன். எழுத்து தெளிவாக இருந்தது.

முடிவு வந்தது. என் 11 குறிப்புகளில் ஒன்பதில் இதயம் ஒழுங்காக, சற்று வேகமாக மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டில் ஒற்றைத் துடிப்பு ஒன்று முந்திவந்திருந்தது. எவருக்கும் வருவது, பொருட்படுத்த வேண்டாததாம். அசல் கோளாறும் அந்த 24 மணிநேரத்தில் இரண்டு முறை வந்திருந்தது. ஒன்று விடியற்காலையில் 40 நிமிஷம், நான் தூங்கியிருக்கிறேன். மற்றது மாலை 5.20க்கு, 26 நிமிஷம். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று டாக்டர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். திண்ணையில் நண்பரோடு சண்டை. அவருடைய கவிதையில் கடைசி வரியை எடுத்துவிடச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். நல்ல சண்டை. கைகள் இரண்டும் வாதத்தில் இருந்திருக்கின்றன. மணிக்கட்டில் இல்லை.

"நெறைய பேருக்கு இப்பிடித்தான் சார். வர்றது தெரியாது, தெரியறது வந்திருக்காது" என்றார் டாக்டர்.

ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது. எழுபதுகளின் இறுதியில் ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையில், உணர்வு பொய் சொல்லாது, அதற்குக் காது கொடுப்பதே கவிஞன் செய்யத்தக்கது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். சுயானுபவம் என்ற சொல்லை எத்தனைபேர் தலையில் போட்டு உடைத்திருப்பேன்! நம்மில் பெரும்பாலோர் அந்த நம்பிக்கையில்தான் எழுத வந்தோம். வெளி அதிகாரங்களையெல்லாம் சந்தேகித்துவிட்டு, உள்ளே இருக்கும் சாட்சியை மட்டும் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டுவைத்தோம். என் சாட்சி 11 முறை கூண்டில் ஏறி, 11 முறையும் தப்பாகச் சொன்னது. அசல் சம்பவங்கள் இரண்டின்போதும் ஊரிலேயே இல்லை.

பல மாதம் இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டபின் ஒரு பாகுபாடு செய்துகொள்ள முடிந்தது. பயம் உண்மை. அது என் அனுபவம், அதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் இதயத்தைப் பற்றி அந்தப் பயம் கொண்டுவந்த சேதி உண்மையில்லை. கம்பியும் கருவியும் சரியாக இருந்து, வந்த செய்தி தவறாக இருந்த சந்தர்ப்பங்களை உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லையா? அப்போதெல்லாம் கருவியை உடைக்கவும் இல்லை, செய்தியை விநியோகிக்கவும் இல்லை. மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டோம்.

இப்போது அப்படித்தான் நடத்துகிறேன். காலையும் இரவும் மாத்திரை விழுங்கும் நேரத்தில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் நாடி எண்ணுகிறேன். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குவது ஒழுங்கில்லாத நாடிக்குச் செல்லாது. இடையில் எண்ணுவதில்லை என்பது விதி. படபடப்பு வந்தால் தர்க்கம் செய்வதில்லை. மூச்சை மெதுவாக வெளியே விட்டு, செய்துகொண்டிருந்த காரியத்தைத் தொடர்கிறேன். அது அரிசி களைவதாக இருந்தாலும் சரி. மூச்சை உள்ளிழுக்கும்போது நல்ல இதயமும் சற்று விரைகிறது, விடும்போது தாமதிக்கிறது. டாக்டர் இதைக் காகிதத்திலேயே காட்டினார். கடிகாரம்போல ஓடும் இதயம் ஆரோக்கியமானவர்களுக்கும் கிடையாது. முகம் கோணினால், ஒரு கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், மார்பு வலித்தால், மயக்கம் வந்தால் மட்டும் யோசிக்காமல் ஓடவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைத்திருக்கிறேன்.

சிரமமாக இருப்பது மாத்திரைதான். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடுவதை உடம்பு உணர்வதே இல்லை. வராமல் போன ஒன்றுதான் அதன் பலன். நன்றாக இருக்கிறோமே, இன்று ஒருநாள் விட்டால் என்ன என்று உள்ளேயிருந்து குரல் வரும். அதே பழைய சாட்சி. எழுபது வயதில், உணர்வுக்கு எதிராக ஒரு காகிதத்தின் பேச்சைக் கேட்டு நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் பேரனின் பிறந்தநாள். மனைவி தனியாகக் கோயம்புத்தூர் போய் நாலு நாள் இருந்துவிட்டு வந்தாள். நான் வீட்டில் இருந்தேன். மூன்று இரவு தூக்கம் சரியாக இல்லை. குளியலறைத் தாழ்ப்பாளை ஒருநாள் போட்டேன், மற்ற நாட்களில் போடவில்லை. திரும்பி வந்தவள், "எப்படி இருந்தீங்க?" என்றாள். தெரியாது என்று சொன்னேன். முறைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை உள்ளே கொண்டுபோனாள்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது விதியை இரண்டு முறை மீறினேன். முதல் தடவை 76. இரண்டாம் தடவை எண்ணிக்கொண்டிருக்கையில் ஒரு வாக்கியம் சரியில்லையென்று பட்டது. அதைத் திருத்தப் போனதில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.