கணக்கில் விடுபட்ட வரி

இங்கிலாந்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற என் தமையனார், 2025ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஓர் இரவு தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, எனக்கு அறுபத்தாறு முடிந்துவிட்டது. உன் அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். வாடகைக்கும் குளிர்காய்வதற்குமே ஓய்வூதியம் கரைந்துபோகிறது. கடைசிக் காலத்தைக் குறைந்த செலவில் கழிக்க எந்த நாடு ஏற்றது? நீ கணக்கு வாத்தியார் ஆயிற்றே, கணக்குப் போட்டுச் சொல்லேன்" என்றார்.

பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இது பிடித்தமான வேலை. கோடு போட்ட பேரேடு ஒன்றை எடுத்துக்கொண்டு, மகளின் உதவியோடு நாடு நாடாக விதிகளைத் திரட்டத் தொடங்கினேன். தாய்லாந்தில் ஐம்பது வயது கடந்தவர், வங்கியில் 8 இலட்சம் பாத் இருப்பு வைத்தாலோ, மாதம் 65,000 பாத் வருமானம் காட்டினாலோ ஓராண்டு தங்கலாம். பிறகு புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொண்ணூறு நாள்களுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். தமிழ் ஒலிக்கும் மலேசியாவோ, 2024இல் திருத்திய திட்டத்தின்படி, சிறப்பு மண்டலங்களுக்கு வெளியே குடியேறுவோரிடம் குறைந்தது 1,50,000 அமெரிக்க டாலர் வைப்பும், அதற்குமேல் 6 இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் கேட்டது. அண்ணனின் சேமிப்பு அந்த வாசலைக்கூடத் தொடாது.

இவற்றைவிட என்னைத் திகைக்கவைத்தது வேறொன்று. பிரித்தானிய அரசின் ஓய்வூதியம் உள்நாட்டில் ஆண்டுதோறும் உயர்கிறது. 2025 ஏப்ரலில் அதன் முழுத் தொகை வாரத்துக்கு 230.25 பவுண்டு ஆனது. ஆனால் இந்தியா, இலங்கை, மலேசியா, தாய்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளில் குடியேறியவருக்கு அது உயர்வதில்லை. குடியேறியபோது இருந்த தொகையே ஆயுள் முழுவதும். இரண்டு நாடுகளுக்கிடையே அதற்கான உடன்பாடு இல்லாததே காரணம். பிலிப்பைன்சுக்கு அவ்வுடன்பாடு உண்டு. அங்கே தொகை உயரும். அயல்நாட்டு ஓய்வூதியர்களை வரவேற்க 1985ஆம் ஆண்டிலேயே தனி ஆணையம் அமைத்த நாடு அது. மொழி புரியாவிட்டாலும் ஞாயிறு திருப்பலிக்கு ஆலயம் தேடி அலைய வேண்டாத நாடுங்கூட. என் பேரேட்டில் பிலிப்பைன்சு முதலிடம் பெற்றது.

"ஊருக்கே வந்துவிட்டால் என்ன?" என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். 2005இல் நடைமுறைக்கு வந்த வெளிநாட்டு இந்தியர் குடியுரிமை அட்டை அவரிடம் இருந்தது. வாக்குரிமைதான் இல்லையே தவிர, வாழ்நாள் முழுவதும் இங்கே தங்கத் தடையில்லை. நான் உடனே தடைகளை அடுக்கினேன். "ஓய்வூதியம் உறைந்துவிடும். நிரந்தரமாக வந்துவிட்டால் அங்குள்ள இலவச மருத்துவமும் போய்விடும். கல்குவாரி லாரிகளின் தூசி உங்கள் இளைப்பு நோய்க்கு ஆகாது. அந்த அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலமும் வைத்துக்கொள்ள முடியாது" என்றேன்.

முதல் மூன்றும் உண்மை. நான்காவது பாதி உண்மை.

அந்த அட்டை உடையவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது. பெற்றோரிடமிருந்து மரபுரிமையாக வருவதற்குத் தடை ஏதும் இல்லை. எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் நஞ்சையின் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருந்தது. முப்பது ஆண்டுகளாக நான் உழுது, நான் அறுத்து, நான் உண்டு வந்தேன். அதில் பாதி அண்ணனுடையது என்பதை நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். அண்ணனுக்குத் தொலைவில் ஒரு நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கிருந்த ஊக்கத்தின் வேர் எங்கே இருந்தது என்பதை அன்றிரவு படுக்கையில்தான் உணர்ந்தேன். உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை ஆற்றங்கரைக்கு நடந்தேன். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுவதால் எங்கள் ஊர் திருமுக்கூடல். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடிய பாலாறு அன்று மணலாய்க் கிடந்தது. கரையோரத்து வெங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. ஆசிரியப் பணியில் இருந்தபோது மாணவர்களை ஆண்டுதோறும் அழைத்துச் சென்று காட்டியிருக்கிறேன். பதினோராம் நூற்றாண்டில் இங்கே கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இயங்கியதை அது கூறுகிறது. ஒரு மருத்துவர், அறுவைசெய்ய ஒருவர், மூலிகை கொணர இருவர், நோயாளரைப் பேண இரு பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லும், இரவு விளக்குக்கான எண்ணெயும் அதில் கணக்கிடப்பட்டுள்ளன.

அதை எழுதுவித்தவரும் கணக்குத்தான் போட்டார். நானும் கணக்குத்தான் போட்டேன். அவர் கணக்கில், நோயுற்றவன் அருகே விழித்திருப்பவளுக்கு ஒரு வரி இருந்தது. என் பேரேட்டில் வாடகை, உணவு, நுழைவுரிமை, காப்பீடு எல்லாவற்றுக்கும் வரி இருந்தது. நள்ளிரவில் மூச்சு முட்டினால் அண்ணன் யாருடைய கதவைத் தட்டுவார் என்பதற்கு வரியே இல்லை. தாய்லாந்திலும் பிலிப்பைன்சிலும் நல்ல மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆனால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் வேண்டுமே! இங்கே 108 வண்டியை அழைக்கவும், செங்கற்பட்டு வரை உடன் செல்லவும், திரும்பியதும் கஞ்சி காய்ச்சவும் ஆள் உண்டு. அந்த ஆள் நான்தான். அந்தச் சுமையையும் சேர்த்தே நான் அஞ்சியிருக்கிறேன்.

அன்றிரவே அண்ணனை அழைத்து, நிலத்தைப் பற்றி நான் சொன்னது பாதிதான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "சரி, பட்டாவில் இரண்டு பேரையும் சேர்த்து எழுது. குத்தகைக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றார். குரலில் கனிவு இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று என்னால் அறிய முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர் வந்தார். லண்டன் வீட்டை விட்டுவிடாமல், சில மாதங்கள் தங்கிப் பார்ப்பது என்பது ஏற்பாடு. தூசி உண்மையாகவே அவரை வருத்துகிறது; மின்சாரம் போகும் இரவுகளில் முணுமுணுக்கிறார். நிரந்தரமாகத் தங்குவாரா, பிலிப்பைன்சையே தேர்ந்தெடுப்பாரா, இன்னும் முடிவாகவில்லை. முடிவு அவருடையது. நான் இனி அதில் கை வைக்கப் போவதில்லை.

அயல்நாட்டிலுள்ள உடன்பிறப்புகளுக்கு இத்தகைய கணக்குப் போட்டுத்தரும் வாசகர் பலர் இருக்கலாம். தொகைகளைச் சரிபாருங்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கூட்டிமுடித்த பிறகு, கணக்கைப் போட்ட கையையும் ஒருமுறை சரிபாருங்கள்.

நேற்று இரவு அண்ணனுக்கு இளைப்பு வந்தது. எங்கள் அறைக் கதவை இரண்டு முறை தட்டினார். எழுந்துபோய் விளக்கைப் போட்டேன்.