போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி

கடிதம் கைக்கு வந்த நாள் 2020 ஏப்ரல் 11, சனிக்கிழமை. கடிதத்தில் போட்டிருந்த தேதி ஏப்ரல் 6. 'இக்கடிதம் தபாலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 10 நாட்களுக்குள் கீழ்க்கண்ட ஆவணங்கள் வந்து சேர வேண்டும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்' என்று அதில் இருந்தது. அனுப்ப இரண்டே வழி. ஒன்று தபால், இன்னொன்று ஃபேக்ஸ்.

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பத்தில் ஐந்து நாட்கள் கடிதம் வந்து சேருவதிலேயே போய்விட்டன. 16-ம் தேதி வியாழக்கிழமை கடைசி நாள். தபாலை நம்ப முடியாது. மிச்சம் இருப்பது ஃபேக்ஸ்தான்.

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு நடுத்தர ஊர். அங்கே ஒரு தங்கும் விடுதியின் கணக்குப் பிரிவில் ஆறு வருடங்களாக வேலை பார்த்து வந்தாள். கொரோனா வந்ததும், மார்ச் மூன்றாவது வாரத்தில் விடுதியை மூடிவிட்டார்கள். "நிலைமை சரியானதும் கூப்பிடுகிறோம்" என்று மேனேஜர் போனில் சொன்னார். கணவரின் கம்பெனியில் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். வாடகை, காருக்கான தவணை, ஏழு வயது மகன் என்று செலவு எதுவும் பாதியாகவில்லை.

அமெரிக்காவில் வேலையிழப்புக் காப்பீடு என்று ஒன்று உண்டு. 1932-ல் விஸ்கான்சின் மாநிலம் இதற்காக முதன்முதலில் சட்டம் கொண்டுவந்தது. 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் பரவியது. பெரும்பாலான மாநிலங்களில் இதற்கான வரியை முதலாளிகள்தான் கட்டுகிறார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதில்லை. தன் தவறு இல்லாமல் வேலையை இழந்தவர், வேலை செய்ய உடம்பில் தெம்பும் மனதில் விருப்பமும் இருப்பதாக வாராவாரம் உறுதி சொல்லி, பழைய சம்பளத்தில் ஒரு பங்கைப் பெறலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நடத்துவது அந்தந்த மாநிலத்தின் தொழிலாளர் துறை.

இதெல்லாம் தெரிந்திருந்தும், விண்ணப்பம் போட அவளுக்கு நான்கு நாட்கள் ஆயின. கை நீட்டி வாங்குவது போல ஒரு கூச்சம். கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்கு, வேலை போனதையே அவள் சொல்லவில்லை. அம்மாவின் மருந்துச் செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் அனுப்புவதை மட்டும் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டாள்.

தொழிலாளர் துறை கேட்டிருந்தது பெயர் சம்பந்தமான ஆவணங்களை. நம்மவர்கள் பலருக்கும் தெரிந்த சிக்கல்தான். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. முதல் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் 'லாஸ்ட் நேம்' ஆனது. சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் அதுவே ஏறியது. பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது கணவர் பெயர் வந்தது. கிரீன் கார்டும் அந்தப் பெயரிலேயே வந்தது. சம்பளக் கணக்கு அப்பா பெயரில், அடையாள அட்டை கணவர் பெயரில். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று அவள் நிரூபிக்க வேண்டும். அதற்குத் திருமணச் சான்றிதழ் தேவை.

அவள் கையில் இருந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். கண்ணுக்கே பாதி எழுத்து தெரியவில்லை. ஃபேக்ஸில் போனால் வெறும் கறைதான் தெரியும். அசல், கும்பகோணத்தில் அப்பாவின் பீரோவில் இருந்தது. "ஒரிஜினல் இங்கேயே பத்திரமா இருக்கட்டும்மா" என்று அவர்தான் வாங்கி வைத்திருந்தார்.

சனிக்கிழமை இரவு 9 மணிக்கு அவள் போன் செய்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை 7.30.

"அப்பா, கல்யாண சர்டிபிகேட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?"

"எதுக்கும்மா திடீர்னு?"

சும்மாதான் என்று சொல்ல வாய் வந்தது. அப்பா 38 வருடம் தபால் துறையில் இருந்தவர். சப்-போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவர். யாராவது சும்மா என்று சொன்னால் நம்பும் ஆள் இல்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது தொண்டை அடைத்தது.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இன்ஷூரன்ஸ்னுதானே பேரு?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"அப்புறம் எதுக்கு அழறே? நான் கவுன்ட்டர்ல இருந்தப்ப, பி.எல்.ஐ. பணம் வாங்க வர்றவங்க சில பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிப்பாங்க. 'நிமிந்து நில்லுங்க, இது உங்க பணம்'னு சொல்வேன். உனக்கும் அதேதான். நீ வேலை பார்த்ததாலதான அந்தக் காப்பீடு இருக்கு? இன்னொண்ணு, நீ அனுப்புற பணத்துல பாதிதான் மருந்துக்கு ஆகுது. மீதியை ஆர்.டி.யில போட்டு வெச்சிருக்கேன். கொஞ்ச மாசம் அனுப்பாதே."

அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. நிழல் விழுந்திருந்தது. முற்றத்து வெளிச்சத்தில் வெள்ளைத் துணி மேல் வைத்து, நேர் மேலே இருந்து எடுக்கச் சொன்னாள். நான்காவது படத்தில் சார்பதிவாளரின் கையெழுத்து வரை தெளிவாக இருந்தது. ஊரடங்கில் ஜெராக்ஸ் கடை எதுவும் திறக்காத நாட்களில், 71 வயதில் அவர் அவ்வளவு பொறுமையாக எடுத்து அனுப்பிய படம் அது.

ஞாயிறு முழுவதும் காகிதங்களைத் தயார் செய்தாள். சாதாரண ஃபேக்ஸ் கறுப்பு, வெள்ளை என்று இரண்டு நிறங்களைத்தான் அறியும். அடையாள அட்டையை அப்படியே அனுப்பினால் முகம் கறுப்புத் திட்டாகப் போகும். அதனால் கிரீன் கார்டின் இரு பக்கங்களையும் பெரிதாக்கி, வெளிர் நிறத்தில் பிரதி எடுத்தாள். கடிதத்தின் பிரதி, சோஷியல் செக்யூரிட்டி அட்டை, திருமணச் சான்றிதழ், கடைசி இரண்டு சம்பளச் சீட்டுகள், முகப்புத் தாள் ஒன்று. மொத்தம் ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பெயர், விண்ணப்ப எண், 'பக்கம் 3 / 7' என்கிற மாதிரி வரிசை எண். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் காகிதக் குவியலிலிருந்து இவற்றை எடுத்துச் சேர்க்க வேண்டுமே! ஒரு தாள் பிரிந்து போனாலும், யாருடையது என்று தெரிய வேண்டும்.

ஆனால் எந்த மெஷினில் அனுப்புவது? வழக்கமாக ஃபேக்ஸ் வசதி உள்ள பொது நூலகம் மூடிக் கிடந்தது. வீட்டில் லேண்ட்லைன் இல்லை. யோசித்துப் பார்த்ததில், வாராவாரம் போகும் இந்திய மளிகைக் கடை ஞாபகத்துக்கு வந்தது. கடைக்காரர் வயதான குஜராத்திக்காரர். மொத்த வியாபாரிகளுக்கு ஆர்டர் அனுப்ப, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பழைய ஃபேக்ஸ் மெஷின் ஒன்று வைத்திருந்தார்.

ஃபேக்ஸ் நாம் நினைப்பதைவிடப் பழசு. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின், கம்பி வழியாக உருவத்தை அனுப்பும் முறைக்கு 1843-லேயே காப்புரிமை பெற்றார். கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876-ல்தான். தொலைபேசிக்கு முன்பே பிறந்த அந்த யோசனை, 2020-லும் அரசு அலுவலகங்களில் உயிரோடு இருந்தது. அலுவலகக் கணினிகளும் அப்படித்தான். அந்த ஏப்ரலில் நியூஜெர்சி மாநில ஆளுநர், கோபோல் என்ற 60 வருடத்துப் பழைய கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்.

திங்கட்கிழமை மளிகைக் கடையில் இரண்டு மணி நேரம் நின்றாள். எண்ணை அழுத்தினால் பிஸி. மறுபடி பிஸி. அதில் ஆச்சரியம் இல்லை. மார்ச் கடைசி வாரத்தில் மட்டும் அமெரிக்காவில் 60 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் புதிதாக விண்ணப்பித்திருந்தார்கள். கொரோனாவுக்கு முன் ஒரு வாரத்தில் இவ்வளவு விண்ணப்பங்கள் வந்ததே இல்லை. அத்தனை பேரும் அதே மாதிரியான கதவுகளைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு, ஊரில் தமிழ்ப் புத்தாண்டு விடிந்திருந்தது. வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். அப்பா முதலில் கேட்டது, "போச்சாம்மா?"

"இல்லப்பா. லைனே கிடைக்கல."

"பகல்ல ஏன் போறே? ட்ரங்க் கால் காலத்துல பகல்ல புக் பண்ணினா சாயந்திரம்தான் கிடைக்கும். தெரிஞ்சவங்க விடியற்காலையிலதான் வருவாங்க. மெஷினுக்குத் தூக்கம் ஏது? ஆளுங்க தூங்குற நேரத்துல அனுப்பு. இன்னொண்ணு, அனுப்புறது பெரிசில்ல. போய்ச் சேர்ந்ததுக்கு அத்தாட்சி வேணும். ரிஜிஸ்டர் போஸ்ட்டுல அக்னாலட்ஜ்மென்ட் கார்டு எதுக்கு வெச்சான்? அதைத் தொலைச்சிட்டு வந்து நின்னவங்க எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

கடைக்காரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். புதன்கிழமை காய்கறி வண்டி வரும், விடிகாலை ஐந்தரைக்கே கடையில் இருப்பேன், அப்போது வா என்றார்.

புதன்கிழமை, ஏப்ரல் 15. வெளியே இன்னும் இருட்டு. முதல் முறை பிஸி. இரண்டாவது முறை பிஸி. மூன்றாவது முறை, அந்தக் கீச்சென்ற சத்தம் கேட்டது. ஏழு தாள்களும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. கடைசித் தாள் போனதும் மெஷின் ஒரு சிறிய சீட்டைத் துப்பியது. தேதி, மணி 5.52, எண், பக்கங்கள் 7, 'ஓகே'. கடைக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அவள் அரை கிலோ கறிவேப்பிலை... இல்லை, ஒரு கட்டு கறிவேப்பிலையும் ஒரு மூட்டை அரிசியும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சீட்டு, கடைகளில் பில் போடும் வழவழப்பான காகிதம். வெயில் பட்டாலே எழுத்து மங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போட்டோ எடுத்து, சாதாரணத் தாளில் பிரிண்ட் போட்டு வைத்தாள். முடிவு வரும் வரை பணம் வராவிட்டாலும், ஒவ்வொரு ஞாயிறும் 'வேலைக்குத் தயாராக இருக்கிறேன்' என்ற வாராந்திர உறுதியை மட்டும் பதியத் தவறவில்லை. ஒரு வாரம் விட்டாலும், அந்த வாரப் பணம் கைவிட்டுப் போகலாம்.

மே முதல் வாரத்தில் பதில் வந்தது. 'கேட்ட ஆவணங்கள் குறித்த நாளுக்குள் வந்து சேரவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

ஒரு நிமிடம் அவளுக்குக் கால் தளர்ந்தது. பிறகு கோப்பை எடுத்தாள். நிராகரிப்புக் கடிதத்தின் பின்பக்கம், மேல்முறையீடு செய்யும் உரிமையும் அதற்கான கடைசித் தேதியும் பொடி எழுத்தில் இருந்தன. யாரையும் குறை சொல்லாமல் ஆறு வரி எழுதினாள். 'ஏப்ரல் 15 காலை 5.52-க்கு ஏழு பக்கங்கள் அனுப்பப்பட்டு, பெறப்பட்டன. அத்தாட்சி இணைக்கப்பட்டுள்ளது. ஆவணங்கள் மீண்டும் இணைக்கப்பட்டுள்ளன.' மறுநாள் விடிகாலை, அதே மளிகைக் கடை, அதே மெஷின். இந்த முறை முதல் அழைப்பிலேயே போனது.

மே கடைசியில் ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். குரலில் அவ்வளவு களைப்பு. குவியலில் தாள்கள் எங்கோ தவறியிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, "அந்தச் சீட்டை வைத்திருந்தது நல்லதாயிற்று" என்றார். மூன்றாம் நாள், மார்ச் கடைசியிலிருந்து சேர்ந்திருந்த அத்தனை வாரப் பணமும், அப்போது மத்திய அரசு கூடுதலாகத் தந்துகொண்டிருந்த வாரம் 600 டாலரும் சேர்ந்து வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. இரண்டு மாத வாடகை பாக்கி அன்றே தீர்ந்தது.

அப்பாவுக்குப் போன் செய்தாள். அவர் சந்தோஷப்பட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. "அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுடாதே. வெச்சுக்கோ" என்றார்.

ஜூன் மாதத்தில், விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் இருந்த பெண் ஒருத்தி அவளைக் கூப்பிட்டாள். மெக்சிகோவிலிருந்து வந்தவள், அவளுக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள், அதே குழப்பம், அதே மாதிரி ஒரு கடிதம். இதை வெளியே சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்றாள்.

அடுத்த புதன்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு, மளிகைக் கடையின் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒவ்வொரு தாளிலும் பெயரும் பக்க எண்ணும் இருக்கிறதா என்று ஒருத்தி சரிபார்த்தாள். இன்னொருத்தி தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள்.

"நிமிர்ந்து நில்லு. இது உன் பணம்" என்றாள் முதலாமவள். பிறகு எண்ணை அழுத்தினாள்.