ஒரே ஊர், ரெண்டு லிஸ்ட்

சீயமங்கலம்.
கீழே மகேந்திரவர்மன் குடைஞ்ச சிவன் கோயில், 7ஆம் நூற்றாண்டு. தூண்ல ஆடுற சிவன்.
மேலே பாறையில பார்சுவநாதர், பாகுபலி.

கும்பிட்டுட்டுப் போக வேண்டியதுதானே?
எனக்கு டேட்டாபேஸ் ஓடுது. இந்த மண்டைக்கு லீவே கிடையாது.

'பல்லவர் குடைவரை' லிஸ்ட்ல மண்டகப்பட்டு, தளவானூர், சீயமங்கலம்.
'சமணத் தலம்' லிஸ்ட்ல மேல்சித்தாமூர், மறுபடி சீயமங்கலம்.

ஊர் டேபிள்ல லிஸ்ட் ஐடிக்கு ஒரே கட்டம்னா, ரெண்டாவது லிஸ்ட் வந்ததும் முதல் லிஸ்ட்ல இருந்து ஊர் காலி.
ஊருக்கும் லிஸ்ட்டுக்கும் நடுவுல ஜாயின் டேபிள் போட்டு, ஜாவா ஹைபர்நேட்ல மெனி-டு-மெனின்னு சொல்லிடணும். கேஸ்கேட் டிலீட் மட்டும் வச்சுடாதீங்க, ஒரு லிஸ்ட்டை அழிச்சா ஊரே போயிடும்!

பக்கத்துச் செஞ்சிக் கோட்டை 2025ல மராத்தா கோட்டைகள்ல ஒண்ணா யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்ந்துச்சு.
அதுக்காக 'நாயக்கர் கோட்டை' லிஸ்ட்ல இருந்து தூக்கிடுவோமா என்ன?