எட்டாம் நாள் வாசகர்

ஓர் எழுத்து வெற்றி பெற்றதா என்பதை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வி, எழுதுகிறவர் எல்லாரையும் என்றேனும் ஒருநாள் வந்து பிடித்துக்கொள்கிறது. சிற்றிதழ்களை வாசித்து வளர்ந்தவர்களிடம் இதற்கு ஆயத்தமான பதில் ஒன்று உண்டு: எண்ணிக்கை அளவுகோல் ஆகாது. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோதும், பின்னர்த் தம் வெளியீடுகளைத் தாமே சுமந்துசென்று விற்றபோதும் சி.சு.செல்லப்பாவின் பக்கம் எண்ணிக்கை இருந்ததில்லை. ஆனால் அந்தப் பதிலைச் சொல்வது நமக்கு எளிதாக இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. சன்மானம் வந்ததா, எவ்வளவு வந்தது என்பதெல்லாம் எழுதியவருக்கும் இதழாசிரியருக்கும் இடையே முடிந்துவிடும் செய்தி. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் அது ஈட்டிய தொகை ஊரறிய எழுதப்பட்டிருந்தால், அதே பதில் அவ்வளவு எளிதாக வாயில் வருமா?

அப்படிப்பட்ட ஓரிடத்தில் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் 2016இல் தொடங்கிய ஸ்டீமிட் தளத்தில், 2017இன் இறுதியிலிருந்து ஓராண்டுக்கும் மேலாகப் புத்தகங்களைப் பற்றித் தமிழில் எழுதிவந்தேன். வாசகர்கள் ஒரு கட்டுரைக்கு வாக்களித்தால், அத்தளத்தின் நாணயமான ஸ்டீமில் எழுதியவருக்கு ஒரு தொகை சேரும். வாக்களித்தவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. தொகை கட்டுரையின் அடியிலேயே டாலரில் தெரியும். வாக்குகள் விழ விழ ஏறிக்கொண்டிருக்கும். எழுதியவருடைய கண் தன் கடைசி வரியிலிருந்து நேராக அந்த எண்ணுக்குத்தான் போகும்.

அந்த எண் எதைச் சொல்கிறது என்று பார்க்கவேண்டும். அங்கே எல்லா வாக்கும் ஒரே எடை உடையதல்ல. எவ்வளவு ஸ்டீமை விற்காமல் முடக்கி வைத்திருக்கிறாரோ, அந்த அளவுக்கே ஒருவருடைய வாக்குக்கு எடை. 2017 ஜூனுக்கு முன்பு இருந்த கணக்கில், வாக்குகளின் எடை இரட்டித்தால் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதன் பின்னர் எடைக்கு நேர்விகிதமாக்கினார்கள். அப்படியும் ஒரு லட்சம் வைத்திருப்பவரின் ஒரு வாக்கு, நூறு நூறாக வைத்திருக்கும் ஆயிரம் பேரின் வாக்குக்குச் சமமாக இருந்தது. மிகப் பெரிய இருப்பு வைத்திருப்பவருக்குத் திமிங்கிலம் என்று பெயர், சிறிய இருப்பு வைத்திருப்பவர்கள் சிறுமீன்கள். ஆக, தமிழில் எழுதும் ஒருவருக்குச் சேரும் தொகையை அவருடைய வாக்கியங்கள் தீர்மானிப்பதற்கு முன்பே வேறொன்று தீர்மானித்துவிடுகிறது: எடையுள்ள வாக்கைக் கையில் வைத்திருப்போரில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பது.

இதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. பணம் அனுப்பினால் வாக்களிக்கும் தானியங்கிக் கணக்குகள் அக்காலத்தில் பெருகின. தன் கட்டுரைக்குத் தானே வாக்கு வாங்கி, அடியில் பெரிய எண்ணை நிறுத்தலாம். 2019 ஆகஸ்டில் விதிகளை மாற்றியதன் நோக்கங்களுள் ஒன்று இந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துவது. அதுவரை எழுதியவருக்கு முக்கால், வாக்களித்தவர்களுக்குக் கால் என்றிருந்த பங்கு அப்போது பாதிக்குப் பாதியானது. நாணயத்தின் சந்தை விலை வேறு. 2018 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ஸ்டீம் 7 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில் அரை டாலருக்கும் கீழே கிடந்தது. தொகையே அளவுகோல் என்றால், அந்தப் பதினோரு மாதங்களில் அங்கே எழுதிய அத்தனை பேருடைய எழுத்தும் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே தரம் தாழ்ந்துவிட்டது என்றாகிறது.

தொடங்கிய சில வாரங்களிலேயே ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கோடிட்டுக்கொண்டேன். முதலாவதில் தொகை, இரண்டாவதில் வாக்குகளின் எண்ணிக்கை, மூன்றாவதில், கட்டுரையின் குறிப்பிட்ட ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஏற்றோ மறுத்தோ பேசிய மறுமொழிகள். "அருமை, தொடருங்கள்" என்பவற்றை மூன்றாவதில் சேர்க்கவில்லை. மறுமொழிக்கும் வாக்கு விழும், அதற்கும் தொகை உண்டு என்ற இடத்தில் பாராட்டு மலிவது இயல்பு. ஓராண்டுக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது முதல் பத்திக்கும் மூன்றாவதற்கும் உறவே இல்லை. மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் உணவுப் பெயர்களைப் பற்றிய கட்டுரை ஒன்று ஒரு டாலரைத் தொடவில்லை. நான்கு மாதங்கள் கழித்து, மலையாளத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் ஒருவர் அதை வாசித்துவிட்டு நீண்ட மின்னஞ்சல் அனுப்பினார். உணவுப் பெயர்களுக்கு அடிக்குறிப்பு தேவை என்ற என் வாதத்தை அவர் ஏற்கவில்லை. வாசகனைச் சற்றே பசியோடு விட்டுவிடுவதும் மொழிபெயர்ப்பாளன் வேலைதான் என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து மொழிபெயர்ப்புகளை நான் வாசிக்கும் விதமே மாறியிருக்கிறது.

அவர் வாசித்ததால் அந்தக் கட்டுரைக்கு ஒரு காசும் கூடவில்லை, கூடவும் முடியாது. 2017 முதல் அங்கே இருந்த விதிப்படி, வெளியான ஏழாம் நாளோடு தொகைக் கணக்கு மூடப்பட்டுவிடும். அதன்பின் ஆயிரம் பேர் வாசித்தாலும் அடியிலுள்ள எண் அசையாது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த விதிதான். திமிங்கிலங்களையும் தானியங்கிகளையும் ஒழித்துவிட்டு, ஆளுக்கு ஒரே எடையுள்ள வாக்கு என்று வைத்தாலும் இது மாறாது. ஏழு நாளில் அளக்கக்கூடியது வரவேற்பு மட்டுமே. இலக்கிய எழுத்துக்கு வாசகர் வருவதோ பெரும்பாலும் எட்டாம் நாளுக்குப் பிறகு: பழைய இதழ் ஒன்றைப் புரட்டும்போது, வேறெதையோ தேடும்போது, யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வரும்போது.

இதைச் சொல்வதால் பணத்தை இழிவாக நினைக்கிறேன் என்று கொள்ளவேண்டாம். அதே தளத்தில் வெனிசுவேலாவிலிருந்து பலர் எழுதினார்கள். பணவீக்கத்தால் 2018இல் அந்நாட்டின் மாதக் குறைந்தபட்ச ஊதியமே சில டாலர்களாகச் சுருங்கியிருந்தது. ஒரு கட்டுரைக்கு இரண்டு டாலர் கிடைத்தால் அது அங்கே வீட்டுக்கு வரும் உணவு. அவர்களிடம் போய் தொகை அளவுகோல் ஆகாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. தமிழில் எழுதியே பிழைக்க முயன்று தோற்றவர்களின் வரிசை நமக்குத் தெரியாததல்ல. ஊதியம் எழுத்தாளனுக்கு உரியது, கேட்டுப் பெறவேண்டியது. அந்த ஊதியத்தையே எழுத்தின் மதிப்பாக வாசிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கூலி கொடுத்தவர் தீர்ப்பும் கொடுத்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை.

2020 பிப்ரவரியில் அந்த நிறுவனம் கைமாறியது. அடுத்த மாதமே பயனாளர்களில் ஒரு சாரார் பிரிந்து, ஹைவ் என்ற புதிய பிளாக்செயினைத் தொடங்கினார்கள். அதுவரை எழுதப்பட்டவை அதற்கும் பிரதியெடுக்கப்பட்டன. குறிப்பேட்டை இப்போதும் வைத்திருக்கிறேன், ஆனால் கோடுகளை மாற்றிவிட்டேன். வந்த தொகையைக் கடைசிப் பக்கத்தில் வீட்டுக் கணக்கோடு எழுதுகிறேன். முன்பக்கத்தில் இரண்டே பத்திகள்: இந்தக் கட்டுரையை எழுதுவதற்காக நான் புதிதாக வாசித்தது என்ன, ஒரு மாதத்துக்குப் பிறகு இதைப் பற்றி யாராவது பேசினார்களா. இரண்டாவது பத்தி பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. முதலாவது ஒருபோதும் காலியாக இருந்ததில்லை.