மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை?

மலாக்காவிலிருந்து வடக்கே 24 கிலோமீட்டர் வந்தால் அலோர் காஜா. வருகிறவர்கள் நானிங் போரில் மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். தோட்டத்து மக்களாகிய நாம் பார்க்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு.

சென்ற பள்ளி விடுமுறையில் என் மகனை அழைத்துக்கொண்டு இதே மாவட்டத்திலுள்ள புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குப் போனேன். "மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை அப்பா?" என்று கேட்டான்.

ஒரு காலத்தில் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்கா வரை சுமார் 21 மைல். 1905-இல் திறந்த பாதை. ஜப்பான்காரர்கள் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு யாரும் திரும்பப் போடவில்லை.

1942 ஜனவரியில் மலாக்கா அவர்கள் கைக்குப் போயிற்று. தோக்கியோ நேரத்துக்காகக் கடிகார முள்ளை ஒன்றரை மணி முன்னே தள்ளினார்கள். ஆண்டு 2602 ஆயிற்று. சிங்கப்பூர் சியோனான் ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகள் காலையில் தோக்கியோ இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்கி, ஜப்பானிய மொழி படித்தார்கள். எதிரி நாட்டு வானொலி கேட்டால் கடுந்தண்டனை. எங்கும் ஒரே பேச்சு: ஆசியா ஆசியர்களுக்கே! துரைமார்களிடம் ஏச்சும் பேச்சும் வாங்கிய நம்மவர்களுக்கு அது இனிக்கத்தானே செய்யும்?

பிறகுதான் தோட்டங்களுக்கு அழைப்பு வந்தது. சயாமில் மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடும் இருப்பிடமும் இலவசம். அரிசிக்குத் தவித்த காலம். என் தாத்தாவின் அண்ணன் பெயர் கொடுத்தார். ஆள் போதாதபோது பலவந்தமாகவும் பிடித்துப் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள் ஆயிரம் ஆயிரமாய் நம்மவர் மாண்டார்கள். பெரிய தாத்தா திரும்பவே இல்லை.

"அண்ணன் ஏமாளி இல்லடா. வேற சேதி சொல்ல அவர்கிட்ட யாருமில்லை" என்று தாத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்று வகுப்பில் எந்தச் செய்தி வந்தாலும், யார் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்று முதலில் கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்வதற்கு அந்த வார்த்தைதான் காரணம்.

தம்பின் பக்கம் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். தண்டவாளம் எங்கே போனது என்று கேட்பார்கள். உங்கள் வீட்டிலிருந்து போனவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.