அம்மம்மாவும் பூசணிக்காயும்

2003ஆம் ஆண்டின் மாரிகாலத்தில் என் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவிற்கு வந்து சேர்ந்தார். வந்த நாள்முதல் யன்னலோரம் அமர்ந்து பனியைப் பார்த்தவாறே இருப்பார். உணவும் குறைந்தது, பேச்சும் குறைந்தது. எட்டு வயதான என் மகளோ தமிழில் கேட்டால் ஆங்கிலத்திலேயே விடை கூறுவாள். ஒரே வீட்டில் இருவரும் அந்நியராய் வாழ்ந்தமை எனக்குப் பெருங்கவலை அளித்தது.

ஒருநாள் அம்மாவைக் கடைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே நீண்ட கழுத்தும் வெளிறிய தோலும் உடைய பற்றர்நட் ஸ்குவாஷ் ஒன்றைக் கையிலெடுத்துத் தட்டிப் பார்த்தார். "பிள்ளை, இது எங்கட பூசணிக்காய்க்குச் சொந்தமெல்லோ!" என்றார். அவர் முகம் மலர்ந்ததை அன்றுதான் கண்டேன்.

அவர் கூறியது உண்மையே. நம் ஊர்ப் பூசணியும் இதுவும் தாவரவியலில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கு சென்ற பின்னரே அது ஐரோப்பியர் வாயிலாக நம் நாட்டை அடைந்தது. நமது என நாம் எண்ணும் பூசணியும் ஒரு காலத்தில் கடல் கடந்து வந்ததே!

அன்று மாலை அம்மா சமையலறைக்குள் நுழைந்தார்; மகளும் அருகே சென்று நின்றாள். காயின் தோலைச் சீவித் துண்டுகளாக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், உள்ளி, மஞ்சள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, நீர்த்த தேங்காய்ப்பாலில் அவித்தார். காய் மென்மையானதும் தலைப்பால் விட்டு, ஒரு கொதியில் இறக்கி, கடுகு, வெந்தயம், செத்தல்மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினார். உள்ளி, செத்தல், தலைப்பால் என ஒவ்வொரு சொல்லையும் மகள் திருப்பிச் சொன்னாள். அன்றிரவு அம்மா இரண்டாம் முறையும் சோறு வாங்கி உண்டார்.

இக்காயின் 100 கிராமில் ஏறத்தாழ 45 கலோரியே உண்டு. பொற்றாசியமோ 350 மில்லிகிராம் அளவு உண்டு. நார்ச்சத்தும் உயிர்ச்சத்து சீயும் அடங்கியுள்ளன. இதற்கு மஞ்சள் நிறம் தரும் பீற்றா கரோட்டீன் உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறிக் கண்பார்வைக்கும் நோய் எதிர்ப்பாற்றலுக்கும் துணைபுரிகின்றது. கொழுப்புடன் சேரும்போதே அது நன்கு உறிஞ்சப்படும். ஆதலால் தேங்காய்ப்பாலும் தாளிதமும் சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவன அல்ல.

அம்மா இன்று எம்மிடையே இல்லை. வேறு நகரில் வாழும் மகள் அண்மையில் தொலைபேசியில் அழைத்து, "அம்மா, தலைப்பால் எப்ப விடுறது?" என்று கேட்டாள். தமிழிலேயே கேட்டாள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் அம்மம்மாவோ அப்பம்மாவோ சமைக்கும்போது அருகே சென்று நில்லுங்கள். ஒவ்வொரு பொருளின் பெயரையும் கேளுங்கள். அவர்கள் மகிழ்ந்து சொல்வார்கள்.