தேயாத தெர்மகோல்!

தேனிப் பக்கம் போகிறவர்கள் கம்பத்தில் பன்னீர் திராட்சை தின்பார்கள், சுருளி அருவியில் குளிப்பார்கள். நான் போனது வைகை அணைக்கு. தெர்மகோல் பார்க்க! சிரிக்காதீர்கள்.

2017 ஏப்ரல் ஞாபகம் இருக்கிறதல்லவா? கடும் வறட்சி. மிச்சமிருந்த தண்ணீரும் ஆவியாகிவிடக் கூடாதே என்று அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு முன்னிலையில், தெர்மகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி அணையில் மிதக்கவிட்டார்கள். செலவு பத்து லட்சம் என்றார்கள். அடித்த காற்றில் கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் கரைக்கு வந்து சேர்ந்தன. ஊரே சிரித்தது.

யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு நீர்த்தேக்கத்தில் 9.6 கோடி கறுப்புப் பந்துகளைக் கொட்டினார்கள். பந்துக்குள் கொஞ்சம் தண்ணீர். அந்தக் கனத்தில் காற்றுக்கு அசைந்து கொடுக்காமல் நின்றன. நம்ம தெர்மகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்றுதான். பறக்காமல் என்ன செய்யும்?

அணைக்குப் பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்காவிடம், "அன்னிக்கு விட்டது ஏதாச்சும் இன்னும் கெடக்காக்கா?" என்றேன்.

"அதையா இன்னும் தேடுறீக தம்பி? மீன் பெட்டி, கல்யாண வீட்டு ஜோடனைன்னு அதுபாட்டுக்கு ஆத்துல வருது. நொறுங்குமே தவிர மக்காது" என்றார்.

நான் பி.காம். தேய்மானக் கணக்கில் 'குறைந்துசெல் மதிப்பு முறை' என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே போகலாம், பூஜ்யம் மட்டும் வராது. அக்கா சொன்னது அதைத்தான்! வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தெர்மகோல் மஞ்சளாகி மொறுமொறுத்துப் போகும். மணி மணியாக உதிரும். மணியும் பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகும். மாயமாகாது.

வெயில் அதைக் கரியமில வாயுவாகவே மாற்றிவிடும் என்று அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்தார் 2019-ல் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான வருஷமெல்லாம் ஆகாதாம். சில பத்தாண்டுகளிலிருந்து சில நூற்றாண்டுகள் போதுமாம். (போதுமாம்!) அதுவும் வெயில் படவேண்டும். வண்டலுக்கடியில் புதைந்துவிட்டால் வெயிலுக்கு எங்கே போக?

தெர்மகோலைத் தின்னும் புழுவும் இருக்கிறது. மாவுப்புழு. அதன் குடலில் இருக்கும் பாக்டீரியா செரிக்கவைக்கிறது என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். நூறு புழு சேர்ந்து ஒரு நாளைக்குத் தின்பது 34 முதல் 39 மில்லிகிராம். ஒரு கிராம் தீர ஏறக்குறைய ஒரு மாசம். புது டிவி பெட்டிக்குள் வருகிற அட்டைக்கு எத்தனை லட்சம் புழு வளர்ப்பது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மகோல் தட்டுக்கும் கப்புக்கும் தடை. 2022 ஜூலையில் மத்திய அரசு அலங்காரத் தெர்மகோலையும் சேர்த்தது. டிவி பெட்டி அட்டைக்குத் தடையில்லை. கம்பத்தில் ஒருவர் அதை முல்லையாற்றுப் பக்கம் வீசினால் உத்தமபாளையம், வீரபாண்டி வழியாக மிதந்து, வைகையில் கலந்து அணைக்கு வந்துவிடும். மதுரைக்குக் குடிதண்ணீர் போவது இங்கிருந்துதான்.

"கெண்டை ஒண்ணு வைக்கவா தம்பி?" என்றார் அக்கா.

"குடலை நல்லா அலசினீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன்.